பெயர் மறைத்த புட்டிகள்

அமெரிக்காவில் தொழிலாளர் தினம் மே மாதத்தில் வருவதில்லை. செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் இங்கே தொழிலாளர் தினம். 1894 முதல் மத்திய அரசின் விடுமுறை. ஊர்வலமும் கொடியும் என்றோ குறைந்துபோய், கோடை முடியப்போகிறது என்பதற்கான அறிவிப்பாக மட்டும் அந்த நாள் எஞ்சியிருக்கிறது. மூன்று நாள் விடுமுறையின் கடைசி மாலையில், வீட்டுப் பின்புறத்தில் கரி அடுப்பை மூட்டி, எதையாவது சுட்டு, நண்பர்களுடன் உண்பது இங்குள்ள வழக்கம். கலிஃபோர்னியாவில் குடியேறிய எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் இந்த வழக்கத்தை எப்போதோ சுவீகரித்துக்கொண்டுவிட்டோம். சுடப்படுவது மட்டும் சற்று வேறு. மஞ்சளும் மிளகும் தயிரும் தடவிய கோழி, ஆட்டு விலா, சைவர்களுக்குப் பனீரும் சோளக்கதிரும்.

லிவர்மோர் பள்ளத்தாக்கிற்கு அருகே வசிக்கும் நண்பர் வீட்டில் சென்ற முறை கூடியபோது, அவர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். ஆறு குடும்பங்கள், ஆறு புட்டி ஒயின். விலைக்கு வரம்பில்லை. ஆனால் ஒவ்வொரு புட்டியும் பழுப்புக் காகிதப் பைக்குள் கழுத்துவரை மறைக்கப்பட்டு வரவேண்டும். நண்பரின் மகள் பைகளை மாற்றி அடுக்கி எண்ணிட்டாள். எது எவருடையது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஒன்பது பேர் சுவைத்தோம். ஆளுக்கு ஒரு தாள், ஒன்று முதல் ஆறு வரை தரவரிசை, பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு, துப்புவதற்கு ஒரு காகிதக் கோப்பை. முடிவு அறிவிக்கப்படும்வரை எவரும் எவருடனும் பேசக்கூடாது.

நான் கொண்டுசென்றது நாபாவின் காபர்நே சொவின்யோன். அறுபத்தைந்து டாலர். மூன்றாண்டுகளாக அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அதை என்னால் அடையாளம் காணமுடியும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமிருக்கவில்லை.

தாள்களைத் தொகுத்தபோது முதலிடம் பெற்றது லோடைப் பகுதியைச் சேர்ந்த பதினொரு டாலர் ஜின்ஃபண்டெல். இரண்டாவது, இலேசாக இனிக்கும் ஒரு ரீஸ்லிங். என் புட்டி ஐந்தாவது. அதைவிடச் சங்கடமான செய்தி வேறொன்று. அதை ஆறாவதாக, அதாவது கடைசியாக, வரிசைப்படுத்தியிருந்தவன் நானே. என் கையெழுத்தில் பக்கத்தில் எழுதியிருந்தது: 'முரட்டுத் துவர்ப்பு. சாராய நெடி. விலை மலிவாக இருக்கவேண்டும்.'

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் அன்றிரவு முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

முதலில், எனக்கு ஆறுதல் தரும் தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் இதைப் போன்றதொரு போட்டியை நடத்தினார். பிரெஞ்சு ஒயின்களும் கலிஃபோர்னிய ஒயின்களும் பெயர் மறைக்கப்பட்டு, பிரான்ஸின் தேர்ந்த நடுவர்கள் முன் வைக்கப்பட்டன. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் ஷாட்டோ மாண்டெலீனா என இரு பிரிவிலும் முதலிடம் பெற்றவை நாபாவின் 1973-ஆம் ஆண்டு ஒயின்கள். அங்கிருந்த ஒரே பத்திரிகையாளர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர். கலிஃபோர்னியாவின் வெள்ளை ஒயினைச் சுவைத்த நடுவர் ஒருவர், பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்து சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

2001-இல் வெளியான போர்தோ ஆய்வு இன்னும் கடுமையானது. ஒயின் தயாரிப்பியல் பயிலும் ஐம்பத்துநான்கு மாணவர்களிடம் வெள்ளை ஒயினையே மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே வழிமொழிந்துவிட்டது. 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டையும் சேர்ந்தவர்கள் ஒரே ஒயினை ஒருமுறை பத்து டாலர் என்றும், மறுமுறை தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது சுவையும் கூடியதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பாசாங்கு செய்யவில்லை என்பதுதான் முக்கியம். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாகவே இயங்கியது. விலைச்சீட்டு உண்மையாகவே அவர்களுக்கு இனித்திருக்கிறது.

நடுவர்களும் விலக்கல்ல. கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியை ராபர்ட் ஹாட்ஜ்சன் ஆராய்ந்தார். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை, ஒரே அமர்வில், மும்முறை நடுவர்கள் முன் வைத்தார்கள். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தை அளித்தவர்கள் பத்தில் ஒருவரே.

இவற்றை எல்லாம் படித்துவிட்டு, ஒயின் ரசனை என்பதே மோசடி என்று முடிவுகட்டுவது எளிது. எங்கள் நண்பர்களில் இருவர் அன்றே அப்படி முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனென்றால் இதே சோதனை இலக்கியத்திலும் நடந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களுக்குக் கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்து, கருத்தெழுதச் சொன்னார். அவ்வாறு திரட்டிய எதிர்வினைகளைக் கொண்டு 1929-இல் அவர் வெளியிட்ட நூல்தான் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்'. நன்கு கற்ற மாணவர்கள் சிறந்த கவிதையைத் தூற்றியதையும் சாதாரணமான கவிதையைப் போற்றியதையும் அதில் காணலாம். ஆனால் ரிச்சர்ட்ஸ் அதிலிருந்து கவிதை பொய் என்ற முடிவுக்கு வரவில்லை. வாசிக்கப் பழகவில்லை என்ற முடிவுக்கு வந்தார். எந்தெந்த இடங்களில் வாசகன் வழுக்கி விழுகிறான் என்று வகைப்படுத்திக் காட்டினார்.

நம்முடைய வாசிப்பையும் இங்கே கொஞ்சம் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிறுகதையின் மேலே பெரிய பெயர் இருந்தால், புரியாத இடங்களை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறோம். அறியாத பெயர் இருந்தால், அதே இடங்களைத் தெளிவின்மை என்கிறோம். பதிப்பகம், முன்னுரை எழுதியவர், கிடைத்த விருது, எந்த அணியைச் சேர்ந்தவர் என்பவை யாவும் நாம் முதல் வரியைத் தொடும் முன்பே நம் நாக்கில் ஏறி அமர்ந்துகொள்கின்றன. காகிதப் பைக்குள் மறைத்துக் கொடுத்தால், நம்மில் எத்தனை பேர் நம் ஆதர்ச எழுத்தாளரைக் கடைசியில் வைப்போம் என்று தெரியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெயரை மறைத்துச் சுவைப்பதும் வாசிப்பதும் அவசியமான மருந்து என்றே நான் எண்ணுகிறேன்.

மருந்துதான். உணவன்று. அதையும் அன்று கண்டேன்.

என் புட்டி ஏன் தோற்றது? அன்று மாலை ஐந்து மணிக்கும் வெயில் முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் அருந்தவேண்டும் என்று எல்லோரும் சொல்வது, ஐரோப்பாவின் குளிர்ந்த பழைய வீடுகளின் அறையைக் குறித்தது. பதினைந்து முதல் பதினெட்டு டிகிரி அதற்குப் போதும். செப்டம்பர் வெயிலில் மேசைமேல் நின்றிருந்த காபர்நேயிலிருந்து ஆல்கஹால்தான் முதலில் ஆவியாக எழுந்து மூக்கைத் தாக்கியது. இளைய ஒயின் என்பதால் துவர்ப்பும் அடங்கவில்லை. வெறும் வயிற்றில் ஒரு மிடறு என்பதால் அத்துவர்ப்பைத் தாங்கிக்கொள்ள வாயில் எதுவும் இல்லை.

முடிவு அறிவித்த பிறகு நண்பர் அப்புட்டியைப் பனிக்கட்டி போட்ட நீரில் கால்மணி நேரம் வைத்தார். அதற்குள் ஆட்டு விலா அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. கொழுப்பும் புகையும் உப்பும் சேர்ந்த இறைச்சியோடு அதே ஒயினை அருந்தியபோது மேசையில் பேச்சு நின்றது. ஒயினின் துவர்ப்பு, உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயை வறளச் செய்வது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்த வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. முதலிடம் பெற்ற ஜின்ஃபண்டெல் இப்போது சற்றே ஜாம் போலத் தோன்றியது. மிளகாய் தூக்கலாக இருந்த கோழிக்கு இரண்டுமே பொருந்தவில்லை. ஆல்கஹால் காரத்தைக் கிளறிவிடும். அங்கே இனிப்பும் புளிப்பும் கொண்ட ரீஸ்லிங்தான் காப்பாற்றியது.

ஆக, பெயரை மறைத்துச் சுவைப்பதற்கும் அதற்கேயுரிய ஓர் ஓரவஞ்சனை உண்டு. ஒரே மிடறில் தன்னை முழுமையாகக் காட்டிவிடும் ஒயினுக்கே அது சாதகமானது. பழச்சுவை மிகுந்த, சற்று இனிப்பான, உரத்த குரல் கொண்டவை ஒரு மிடறில் வெல்லும். சிறுகதைப் போட்டிகளில் முதல் பத்தியில் மின்னும் கதை வெல்வதைப் போல. மெதுவாகத் திறப்பவை, உடன் உணவும் உரையாடலும் கேட்பவை, அங்கே தோற்கும். பெயரை மறைப்பது நம் பொய்யை அகற்றுகிறது. மெய்யைக் கண்டடைய அதன்பின் நேரமும் பொறுமையும் வேண்டும்.

அடுத்து மொழி. ஒன்பது தாள்களையும் பிறகு வாங்கிப் படித்தேன். எல்லோரும் தமிழர்கள். தாள்கள் எல்லாவற்றிலும் ஆங்கிலம். அதிலும் பாதிச் சொற்கள் நாங்கள் வாழ்வில் சுவைத்தறியாதவை. என் தாளில் பிளாக்கரன்ட் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். அப்பழத்தை நான் உண்டதே இல்லை. அமெரிக்கர்களிலும் பெரும்பாலோர் உண்டதில்லை. பைன் மரங்களைத் தாக்கும் ஒரு நோய்க்கு இடம்கொடுக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்செடிக்குத் தடை விதித்து, 1966-இல்தான் மத்திய அரசு அதை விலக்கியது. அப்படியிருந்தும் நாபாவின் காபர்நே பற்றிய குறிப்புகளில் அச்சொல் தவறாமல் வரும். இரவல் சொல்லுக்கும் இரவல் சொல்.

டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980களில் ஒயின் மணங்களைச் சக்கர வடிவில் தொகுத்தார். 'அருமை', 'நேர்த்தி' போன்ற புகைமூட்டச் சொற்களை விட்டு, மூக்கால் சரிபார்க்கக்கூடிய பொருள்களின் பெயர்களால் பேசவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தை ஏற்றுக்கொண்டால், சரிபார்க்கும் பொருள் நம் நினைவில் இருக்கவேண்டாமா? நமக்கு நாவல்பழம் உண்டு, கொடுக்காப்புளி உண்டு, பழுத்த இலந்தை உண்டு, கருப்பட்டி உண்டு, மழை விழுந்த மண் உண்டு. ஆறு சுவைகளில் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணி வைத்திருக்கும் மொழி நம்முடையது. நவீன அறிவியல் துவர்ப்பை நாவின் தொடுவுணர்வாகக் கருதுகிறது என்பது வேறு செய்தி. ஆனால் வாழைப்பூவும் மாதுளந்தோலும் கடுக்காயும் அறிந்த ஒருவனுக்கு டானின் என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை.

நாவல்பழம் என்ற சொல்லை அன்று முதலில் சொன்னது, சுவைத்தவர்களில் எவருமில்லை. நண்பரின் தாயார். எழுபதைக் கடந்தவர், தஞ்சைப் பக்கம், ஆறு மாதம் மகனுடன் இருக்க வந்தவர். நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி வேடிக்கையாக ஒரு கோப்பையை அவர் முகத்தருகே நீட்டினாள். முகர்ந்துவிட்டு, 'நாவப்பழம் கனிஞ்சு கீழ விழுந்து கெடக்குமே, அந்த வாசனை' என்றார். ஜின்ஃபண்டெல்தான் அது. எங்கள் ஒன்பது தாள்களிலும் அவ்வளவு துல்லியமான குறிப்பு இல்லை.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: 'ஏன் தம்பி, காசு குடுத்து வாங்கி வாயில ஊத்தித் துப்புறீங்களே, எதுக்கு?'

நான் விளக்கினேன். குடிப்பதற்கும் சுவைப்பதற்கும் வேறுபாடு உண்டு அம்மா, இது போதைக்காக இல்லை, ருசிக்காக என்றேன். பல இடங்களில் சொல்லிப் பழகிய பேச்சு. தங்குதடையின்றி வந்தது.

அவர் கேட்டுக்கொண்டார். பின்னர், கோபமே இல்லாமல் சொன்னார்: 'எங்க வீட்டுக்காரரும் மொதல்ல ருசிக்குத்தான் தம்பி குடிச்சாரு. தென்னங்கள்ளு. காலையில எறக்குனது இனிக்கும்பாரு. அப்புறம் சாராயக் கடை வந்துச்சு. ருசியெல்லாம் யாரு பாத்தா?'

நண்பரின் தந்தை அவருடைய பன்னிரண்டாம் வயதில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். எதனால் என்று அன்றுதான் தெரிந்தது. நண்பரின் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

இலக்கிய வாசகர்களாகிய நம்மிடம் இத்தகைய தருணங்களுக்கு ஆயத்தமான பதில்கள் இருக்கின்றன. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் யவனர் நற்கலங்களில் கொணர்ந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வாழ்த்துகிறார் நக்கீரர். அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச்சாடி ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில் முதலில் நினைவுகூரப்படுவதே, கள்ளைப் பகிர்ந்துகொண்ட அவனது பண்பு. குறைவாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் சேர்ந்து அருந்துவான். இவற்றை எல்லாம் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அன்றும் நாவின் நுனியில் இருந்தன. சொல்லவில்லை. ஏனென்றால் அதே மரபில்தான் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமும் இருக்கிறது. பெற்ற தாயின் முன்னிலையிலேயே குடிமயக்கம் துன்பம் தருமென்றால் சான்றோர் முன்னிலையில் என்னவாகும் என்று அங்கே வள்ளுவர் கேட்கிறார். ஔவையை மட்டும் எடுத்துக்கொண்டு வள்ளுவரை விட்டுவிடுவது, விலைச்சீட்டைப் பார்த்துச் சுவைப்பதைப் போன்றதுதான்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. அங்கே குடிப்பவனுக்கு மணமும் இல்லை, மேசையும் இல்லை, நாற்காலியும் பெரும்பாலும் இல்லை. வெட்கத்தோடு, விரைவாக, விழுங்கிவிட்டு நகரவேண்டியதுதான். அதனோடு ஒப்பிட்டால், குழந்தைகளின் கண்முன் வெளிச்சத்தில், உணவோடு, அளவோடு, பேசிக்கொண்டே அருந்துவது மேலானது என்று இப்போதும் கருதுகிறேன். எங்கள் ஊர்க் கூடுகைகளில் ஆண்கள் கராஜுக்குள் நின்று குடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு வெளிவந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதைவிட இது நேர்மையானது. அன்றைய ஒன்பது பேரில் நால்வர் பெண்கள் என்பதும் நல்ல மாற்றமே. அத்துடன், குடிப்பழக்கத்தை விட்டுவிட்ட நண்பர் ஒருவர் அன்று எங்களோடு இருந்தார். கரி அடுப்பைக் கவனித்துக்கொண்ட அவரை ஒருவரும் வற்புறுத்தவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இது நடந்திருக்காது.

ஆனால் ரசனை ஒரு காப்பு என்ற என் நம்பிக்கையை நான் கைவிடவேண்டியிருக்கிறது. மதுவில் உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. நாள்தோறும் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த கதைக்கு இனி இடமில்லை. பதினொரு டாலர் புட்டியில் இருப்பதும் அறுபத்தைந்து டாலர் புட்டியில் இருப்பதும் ஒரே எத்தனால்தான். சொற்கள் அதைக் குறைப்பதில்லை.

எனக்கு ஒயின் குறிப்பேடு எழுதும் பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். ஆண்டு, ஊர், மணம், துவர்ப்பு, புளிப்பு, எந்த உணவோடு அருந்தினேன் என்பவை அழகாகப் பதிவாகியிருந்தன. மாதத்துக்கு எத்தனை என்ற கணக்கு எங்குமே இல்லை. எங்கள் பகுதியில் மறுசுழற்சித் தொட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை எடுத்துச் செல்வார்கள். அந்த வாரம் அதைத் தெருவோரம் கொண்டுபோய் நிறுத்துமுன் மூடியைத் திறந்து எண்ணினேன். ஏழு புட்டிகள். வீட்டில் அருந்துபவன் ஏறத்தாழ நான் ஒருவன்தான்.

நல்ல ஒயின்கள்தான் அவை. ஏழைப் பற்றியும் என்னால் ஒரு பத்தி எழுதமுடியும்.

அடுத்த கூடுகை நன்றி அறிவிக்கும் நாளன்று எங்கள் வீட்டில். காகிதப் பைகள் இருக்கும், துப்பும் கோப்பைகள் இருக்கும். குறிப்புகளைத் தமிழில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்போகிறேன். ஆறுக்குப் பதில் மூன்று புட்டிகள் போதும் என்றும் சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டில் இப்போது இன்னொரு பத்தி போட்டிருக்கிறேன், எண்ணிக்கைக்காக. சென்ற மாதத்தின் எண் நான் விரும்பிய அளவுக்கு இறங்கவில்லை.